அமெரிக்க வரலாற்று நூல்களைத் தேடிக் கண்டடைவது எப்படி? புதிதாக நுழைகிறவர்களுக்கு ஒரு வழித்துணை

1861-இல் பாஸ்டன் நகரில் ஒரு புத்தகம் அச்சாகி வந்தது. தலைப்புப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இல்லை. ‘அவளே எழுதியது’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். பதிப்பித்தவர் என்று லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளை எழுத்தாளரின் பெயர் இருந்தது. முன்னுரைக்குக் கீழே ‘லிண்டா பிரெண்ட்’ என்று ஒரு புனைபெயர். வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிற்றூரில் அடிமையாகப் பிறந்த ஒரு பெண், எஜமானின் தொல்லை தாங்காமல் தப்பி, தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறக்குறைய 7 ஆண்டு ஒளிந்து கிடந்த கதை அது. அந்தப் பரணின் நீளம் 9 அடி, அகலம் 7 அடி. உயரமான இடத்திலேயே 3 அடிதான். எழுந்து நிற்க முடியாது.

நூறு ஆண்டுக்கு மேலாக, ‘இது சைல்ட் அம்மையார் எழுதிய நாவலாகத்தான் இருக்கும்’ என்று பலர் ஒதுக்கி வைத்தார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த கடிதங்களைக் கொண்டு, அதை எழுதியவர் ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்தான் என்று நிறுவினார். 1987-இல் அவருடைய பதிப்பு ஜேக்கப்ஸின் பெயரோடு வந்தது. பழைய அட்டவணைகளில் பிரெண்ட் என்றும் சைல்ட் என்றும் கிடந்த புத்தகம் அதற்குப் பிறகுதான் உரியவள் பெயருக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்க வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். புத்தகம் அத்தனை ஆண்டும் அலமாரியிலேயேதான் இருந்தது. நூலக அட்டவணையின் அட்டையில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதைப் பொறுத்தே அது தேடி வந்தவர் கையில் கிடைத்தது, அல்லது கிடைக்காமல் போனது. கேட்லாக் என்ற அந்த அட்டவணை யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், தன் காலத்துச் சொற்களைக் கொண்டு எழுதி வைத்தது. அந்தச் சொற்களைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

‘அமெரிக்க வரலாறு’ என்று தேடுபெட்டியில் தட்டினால் லட்சக்கணக்கில் வந்து கொட்டும். ஒன்றும் கைக்கு வராது. இடம், காலம், ஆட்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாகக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் பயன்படுத்தப் போகும் கேள்வி இது: அமெரிக்காவின் தென்மாநிலங்களில், உள்நாட்டுப் போருக்கு முந்தைய 30 ஆண்டுகளில் அடிமைகளாக வாழ்ந்தவர்கள், தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள்?

‘தாங்களே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நடந்த காலத்திலேயே, அதில் பட்டவர்கள் விட்டுச் சென்ற எழுத்து ஒரு வகை. அதைப் படித்துப் பிற்காலத்தவர் எழுதிய வரலாறு இன்னொரு வகை. முதலாவது மூலச் சான்று, இரண்டாவது ஆய்வு நூல். இரண்டும் வேண்டும். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அட்டவணைக்குள் போனால் இரண்டும் கலந்து குழப்பும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நல்ல புத்தகம், அதன் ஓரப் பக்கங்கள்

உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வரும் ஒரு அண்மைக்கால ஆய்வு நூலைப் பிடியுங்கள். பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டதாக இருந்தால் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு 1896-இல் திறந்த கன்னிமாரா, 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நூலகம் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள். புத்தகம் கைக்கு வந்ததும் முதல் அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். கடைசிப் பக்கங்களைப் பிரியுங்கள். துணைநூற்பட்டியலும் குறிப்புகளும் அங்கே இருக்கும். இருபது முப்பது ஆண்டு அந்தத் துறையில் உழைத்த ஒருவர் எந்தெந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனார், எதையெல்லாம் நம்பினார் என்பது அங்கே வரிசையாக இருக்கிறது. அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறம். பெரும்பாலான வாசகர்கள் பார்க்காமல் தாண்டிவிடும் பக்கம் அது. 1971 முதல் அமெரிக்கப் பதிப்பகங்கள், புத்தகம் அச்சாவதற்கு முன்பே, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்திடம் பட்டியல் விவரங்களைப் பெற்று அந்தப் பக்கத்தில் அச்சிடத் தொடங்கின. பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 1, 2, 3 என்று எண்ணிட்ட சில சொற்றொடர்கள் வரும். அவைதான் பொருள் தலைப்புகள். அவற்றுக்குக் கீழே, அலமாரியில் புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் ஓர் அழைப்பெண் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் 973 என்றோ 306 என்றோ தொடங்கும் டூயி எண், அதாவது டூயி என்ற இன்னொரு பகுப்பு முறையின் எண். மூன்றையும் நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். புதிய நூல்கள் சிலவற்றில் முழு விவரமும் இராது, காங்கிரஸ் நூலகத்தின் பதிவெண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை அந்நூலகத்தின் இணைய அட்டவணையில் இட்டால் மீதி விவரம் வந்துவிடும்.

மூன்றாம் படி: அட்டவணையின் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புத்தகத்தின் பெயரை வைத்துத் தேடினால், நீங்கள் தட்டும் சொல் அந்தப் பெயரில் இருந்தால்தான் வரும். 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் பெயர்கள் நம் காலத்துச் சொற்களில் இருக்காது. ஒரே போரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதைச் ‘சிவில் வார்’ என்கிறோம். போருக்குப் பிறகு அமெரிக்க அரசு அச்சிட்ட 128 புத்தகங்கள் கொண்ட ஆவணத் தொகுப்பு, 1880-க்கும் 1901-க்கும் இடையில் வெளிவந்தது. அதன் பெயரில் அந்தப் போர் ‘கிளர்ச்சிப் போர்’ என்று இருக்கிறது. தெற்கே பலர் அதை ‘மாநிலங்களுக்கு இடையிலான போர்’ என்றே எழுதினார்கள். பெயரை வைத்தே எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆனால் தேடுகிறவருக்கு மூன்றும் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும்.

சிதறியதை ஒன்றாகக் கட்டுவதுதான் பொருள் தலைப்பு. பட்டியலாளர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அதன் பெயர் எதுவாக இருந்தாலும், நிர்ணயித்த ஒரே சொற்றொடரை அதற்குச் சூட்டுகிறார். அந்தப் போர் பற்றிய நூல்களுக்கெல்லாம் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் – ஹிஸ்டரி – சிவில் வார், 1861–1865’ என்பது தலைப்பு. அதன் வாலில் இன்னும் சில சொற்கள் ஒட்டும். ‘சோர்ஸஸ்’ என்று ஒட்டியிருந்தால் மூல ஆவணங்கள். ‘பெர்சனல் நரேட்டிவ்ஸ்’ என்றால் பங்கெடுத்தவர்கள் தாங்களே சொன்னது. ‘பிப்ளியோகிராஃபி’ என்றால் அந்தப் பொருள் பற்றிய நூல்களின் பட்டியல். இந்த மூன்று வால்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் இவற்றைத் தட்டி, தேடுபெட்டிக்குப் பக்கத்தில் ‘சப்ஜெக்ட்’ என்பதைத் தேர்வு செய்தால் போதும்.

இந்தச் சொற்களும் மாறுகின்றன. கறுப்பின அமெரிக்கர்களைக் குறிக்க இந்த அட்டவணைகள் இன்று நாம் வாயில் எடுக்கத் தயங்கும் ‘நீக்ரோஸ்’ என்ற சொல்லைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. 1976-இல் அது ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்ஸ்’ ஆயிற்று. 2000-இல் ‘ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்ஸ்’ ஆயிற்று. அடிமைகளைக் குறித்த ‘ஸ்லேவ்ஸ்’ என்ற தலைப்பும் அண்மை ஆண்டுகளில் ‘என்ஸ்லேவ்ட் பெர்சன்ஸ்’ என்று மாறியிருக்கிறது. அடிமை என்பது ஒருவருடைய இயல்பல்ல, அவருக்கு இழைக்கப்பட்டது என்பதைச் சொல்லும் மாற்றம் இது. இரண்டாம் உலகப் போரின்போது ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை வீடுகளிலிருந்து பிடுங்கி முகாம்களில் அடைத்ததை, அட்டவணை நெடுநாள் ‘இவாக்குவேஷன்’ என்றே சொல்லிவந்தது. ஏதோ வெள்ளத்திலிருந்து காப்பாற்றியது போல. இப்போது ‘கட்டாய வெளியேற்றம், சிறைவைப்பு’ என்ற பொருளில் மாற்றியிருக்கிறார்கள்.

உங்களுக்கு இதனால் என்ன? எல்லா நூலகமும் ஒரே நாளில் மாற்றிவிடுவதில்லை. அச்சிட்ட பழைய பட்டியல்கள் மாறவே மாட்டா. ஆகவே உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை போடுங்கள். இடப்பக்கம் இன்றைய சொல், வலப்பக்கம் அதே பொருளுக்குப் பழைய சொற்கள். எங்கே போனாலும் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பழைய சொல் கசக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் சில புத்தகங்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

நான்காம் படி: அலமாரியின் முகவரி

அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் தன் புத்தகங்களை நினைவு, பகுத்தறிவு, கற்பனை என்று மூன்றாகப் பிரித்து அடுக்கியிருந்தார். வரலாறு முழுவதும் ‘நினைவு’ என்பதன் கீழ். 1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது காங்கிரஸின் சிறிய நூலகமும் சாம்பலானது. மறு ஆண்டு ஜெஃபர்சனிடமிருந்து 6,487 நூல்களை 23,950 டாலருக்கு வாங்கி மறுபடி தொடங்கினார்கள். அவருடைய அடுக்குமுறையும் கூடவே வந்து, அந்த நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. 1851 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இன்னொரு தீ. அதில் ஜெஃபர்சனின் நூல்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இன்றைய காங்கிரஸ் நூலகப் பகுப்பில் ‘ஈ’, ‘எஃப்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அமெரிக்கக் கண்டங்களின் வரலாற்றுக்கென்றே ஒதுக்கியவை. இந்தப் பகுதியின் பட்டியல் 1901-இலேயே அச்சில் வந்துவிட்டது. பிற துறைகளில் பொதுவாக இரண்டு எழுத்து வரும், இங்கே ஒற்றை எழுத்தோடு எண் தொடங்கும். பார்த்தவுடன் அடையாளம் தெரியும். ‘ஈ’ பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடு முழுமைக்கும், ‘எஃப்’ அதன் மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும், மற்ற அமெரிக்க நாடுகளுக்கும். ‘ஈ’ வரிசையில் 186-லிருந்து குடியேற்றக் காலம், 201-லிருந்து 298 வரை விடுதலைப் போர், 441-லிருந்து அடிமை முறை, 456-லிருந்து 655 வரை உள்நாட்டுப் போர்க் காலம். லிங்கன் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் 457. ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாறு 185. செவ்விந்தியர் என்று நம் பாடநூல்கள் எழுதிய பூர்வகுடிகளின் தனித்தனி இனங்களுக்கு 99. நம் கேள்விக்கு நேராக வருவது ‘ஈ’ 444. ஹேரியட் ஜேக்கப்ஸ் அங்கேதான் இருக்கிறாள். அந்த ஒரு எண்ணை நூலக இணையதளத்தில் அழைப்பெண் வரிசையில் உலாவிப் பாருங்கள். அவளுக்கு இருபுறமும் அவளைப் போலத் தப்பி வந்தவர்கள் எழுதிய புத்தகங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும்.

டூயி முறை பின்பற்றும் நூலகங்களில் 973 அமெரிக்க ஐக்கிய நாடுகள். 973.2 குடியேற்றக் காலம், 973.3 விடுதலைப் போர், 973.7 உள்நாட்டுப் போர். 974 முதல் 979 வரை வட்டார வரலாறு, வடகிழக்கில் தொடங்கிப் பசிஃபிக் கரையில் முடியும்.

ஆனால் எல்லாமே இந்த எண்களில் அடங்கிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். காங்கிரஸ் முறையில் தொழிலாளர் வரலாறு ‘ஹெச்.டி’யில் இருக்கும். அமெரிக்கச் சட்டம் ‘கே.எஃப்’. சேலம் ஊரில் 1692-இல் சூனியக்காரர்கள் என்று தூக்கிலிட்ட வழக்குகள் ‘பி.எஃப்’ என்ற உளவியல், மாயவித்தைப் பிரிவில் கிடக்கும். மாசசூசெட்ஸ் மாநிலச் சேலத்தைச் சொல்கிறேன். நூற்பட்டியல்கள் எல்லாம் கடைசி எழுத்தான ‘இசட்’டில்.

எண்ணுக்குள்ளும் ஒரு காலத்தின் பார்வை ஒளிந்திருக்கும். டோரதி போர்ட்டர் 1930-இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கறுப்பினத்தவர் பற்றிய தொகுப்பின் பொறுப்பை ஏற்றபோது, கறுப்பின எழுத்தாளர் ஒருவர் எதை எழுதினாலும், கவிதையே ஆனாலும், பல நூலகங்கள் அதை டூயியின் 325 அல்லது 326-இல் போட்டுக்கொண்டிருந்தன. 325 குடியேற்றம், 326 அடிமை முறை. போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்துத் தன் தொகுப்பை முழுவதும் மறுபடி அடுக்கினார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு, டூயியின் எண்கள் போதாது என்று தன் கோலன் பகுப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார். அது 1933-இல் வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு நூலகர்கள், உலகின் இரண்டு மூலைகளில், ஒரு புத்தகம் சரியான வாசகர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எண்களோடு மல்லுக்கு நின்றார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

ஐந்தாம் படி: மலை போன்ற மூன்று பட்டியல்கள்

பழைய புத்தகம் ஒன்று இருந்ததா, எத்தனை பதிப்பு, எங்கே பிரதி இருக்கிறது என்று அறிய மூன்று பெரிய நோக்கு நூல்கள் உண்டு. மூன்றின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சார்லஸ் எவன்ஸ் தொகுத்தது. பிற்கால அமெரிக்காவான பகுதிகளில் 1639 முதல் அச்சான எல்லாவற்றையும், புத்தகம், துண்டறிக்கை, பருவ இதழ் என்று பாராமல், ஆண்டு வாரியாக அடுக்க முனைந்தார். 1903-இல் முதல் தொகுதி. 1934-இல் 12-ஆம் தொகுதி வரும்போது 1799-ஆம் ஆண்டில் ‘எம்’ எழுத்துவரை வந்திருந்தார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். மீதியை 1955-இல் கிளிஃபர்ட் ஷிப்டன் முடித்து 1800-வரை கொண்டுவந்தார். ‘எவன்ஸ் இத்தனையாம் எண்’ என்று ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் வந்தால் இந்தப் பட்டியலின் எண்தான். ஒரு எச்சரிக்கை: புத்தகத்தைப் பார்க்க முடியாத இடங்களில் எவன்ஸ் பழைய செய்தித்தாள் விளம்பரங்களை வைத்தே சிலவற்றைச் சேர்த்துவிட்டார். ‘விரைவில் வெளிவரும்’ என்று விளம்பரம் செய்து, கடைசிவரை அச்சாகாத புத்தகங்களும் அதில் உண்டு. பட்டியலில் இருக்கிறது, உலகில் எங்கும் பிரதி இல்லை என்றால், அது பிறக்காத புத்தகமாகவே இருக்கலாம்.

இரண்டாவது, ஜோசப் சேபின் தொடங்கியது. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் புத்தக வியாபாரம் செய்தவர். எவன்ஸ் அமெரிக்காவில் அச்சானதைத் தேடினார். சேபின் அமெரிக்காவைப் பற்றி உலகில் எங்கே அச்சாகியிருந்தாலும் தேடினார். 1868-இல் தொடங்கி, 1881-இல் அவர் இறந்து, வில்பர்ஃபோர்ஸ் ஈம்ஸும் பிறகு ஆர்.டபிள்யூ.ஜி. வெய்லும் கைமாற்றிச் சுமந்து, 1936-இல் 29-ஆம் தொகுதியோடு முடிந்தது. மொத்தம் 1,06,413 பதிவுகள். ஆசிரியர் பெயர் வரிசையில் இருக்கும்.

மூன்றாவது, 1956-க்கு முன் அச்சான நூல்களுக்கான தேசிய ஒன்றிணைந்த அட்டவணை. வட அமெரிக்க நூலகங்களின் அட்டைகளைப் படியெடுத்து, 1968 முதல் 1981 வரை 754 பெரிய தொகுதிகளாக அச்சிட்டார்கள். ஒரு சுவர் முழுக்கப் பச்சையாக நிற்கும் அதை நேரில் பார்த்தால் மூச்சு வாங்கும். இன்று பெரும்பகுதி வேலையை வேர்ல்ட்கேட் என்ற இணைய அட்டவணை செய்துவிடுகிறது. ஒரு நூலைத் தேடினால் எந்த நாட்டில் எந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று காட்டும். ஆனாலும் வேர்ல்ட்கேட்டில் கிடைக்காத பழைய பதிப்பு அந்தப் பச்சைச் சுவரில் அகப்படுவதுண்டு.

ஆறாம் படி: புத்தகத்தைத் திரையில் திறப்பது

வெளியாகி 95 ஆண்டு முடிந்த நூல்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. அந்நாட்டு மத்திய அரசு தானே எழுதி வெளியிட்டவற்றுக்கு எப்போதுமே இல்லை. ஆகவே 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டும் முதலில் பார்க்க வேண்டியவை. ஹாத்தி என்பது யானையைக் குறிக்கும் இந்திச் சொல்லேதான். 2008-இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த அதில், அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும் நூல்களும் சில உண்டு. அங்கே பூட்டியிருந்தால் அதே நூலை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள். நம் கேள்விக்கென்றே வட கரோலினாப் பல்கலைக்கழகம் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் தன்வரலாறுகளை முழுப் பாடமாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறது. ஜேக்கப்ஸும் ஃப்ரெடரிக் டக்ளஸும் அங்கே இருக்கிறார்கள்.

பழைய அச்சில் ஒரு பொறி இருக்கிறது. ஏறக்குறைய 1800-வரை ஆங்கில அச்சுக்காரர்கள் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் ‘எஸ்’ எழுத்தை நீட்டி, பார்ப்பதற்கு ‘எஃப்’ போலவே அச்சிட்டார்கள். கணினி அதை ‘எஃப்’ என்றே படித்துவிடும். குடியேற்றக் காலச் செய்தித்தாள்களில் மனிதர்களை விற்க வந்த விளம்பரங்களைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ‘டு பி சோல்ட்’ என்று தேடினால் சிலதான் வரும். ‘டு பி ஃபோல்ட்’ என்று தேடிப் பாருங்கள். ஒளிந்திருந்த விளம்பரங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு எழுத்தின் வளைவுக்குள் எத்தனை பேரின் பெயர் புதைந்து கிடக்கிறது என்று அப்போது புரியும்.

பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நான் பக்க எண்ணை மட்டும் குறித்து, எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் ஒரு நோட்டு முழுக்க நிரப்பினேன். மறுபடி சரிபார்க்கப் போனபோது ஒரு மேற்கோளும் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆறு வார வேலை வீணானது. ஆசிரியர், ஊர், பதிப்பகம், ஆண்டு, எந்த நூலகத்தின் பிரதி, அழைப்பெண், பக்கம் ஆகிய ஏழையும் குறித்த பிறகே அடுத்த வரியை எழுதுங்கள்.

ஏழாம் படி: புத்தகத்துக்கு வெளியே

செய்தித்தாள்களுக்கு, காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா தொகுப்பு. இலவசம், சொல் வாரியாகத் தேடலாம். வாஷிங்டன், ஃப்ராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், ஹாமில்டன் போன்றவர்களின் கடிதங்களுக்கு, தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் தொடங்கிய ஃபவுண்டர்ஸ் ஆன்லைன். வெளியுறவு ஆவணங்களை அமெரிக்க அரசு 1861 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வருகிறது. 1971-இன் தெற்காசிய நெருக்கடிக்கென்றே அதில் ஒரு தொகுதி உண்டு.

நம் கேள்விக்கு இன்னொரு பெரும் புதையல் உண்டு. 1936-க்கும் 1938-க்கும் இடையில் அரசு வேலைத்திட்டம் ஒன்றின் கீழ் எழுத்தாளர்களை அனுப்பி, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களிடம் பேசி எழுதி வாங்கினார்கள். 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களும் சுமார் 500 நிழற்படங்களும் காங்கிரஸ் நூலகத் தளத்தில் இருக்கின்றன. படிக்கும்போது இரண்டை மறக்கக் கூடாது. பேசியவர்களில் பலர் விடுதலை வந்தபோது சிறு பிள்ளைகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், சில இடங்களில் பழைய எஜமான் குடும்பத்தின் ஊர்க்காரர்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்க, இவர் எதைச் சொல்லியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1810-இல் அமைந்த அமெரிக்க மிஷன், 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் வந்து இறங்கியது. வட்டுக்கோட்டை செமினரி அவர்கள் 1823-இல் தொடங்கியது. அவர்கள் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. மிஷன் வெளியிட்ட மாத இதழின் பழைய தொகுதிகளை ஹாத்தி டிரஸ்ட்டில் படிக்கலாம். உங்கள் தாத்தாவின் தாத்தா படித்த பள்ளி, அமெரிக்க வரலாற்றின் ஒரு பக்கமாக அங்கே இருக்கக்கூடும். ஊர்ப் பெயர்களை அவர்கள் எழுதிய விதத்தில் தேடுங்கள். வட்டுக்கோட்டை அங்கே ‘பட்டிகோட்டா’.

தேதி விஷயத்தில் ஒரு கவனம். 1752-க்கு முன் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. பழைய குறிப்பில் பிப்ரவரி மாதத்துக்கு 1731/2 என்று இரட்டை ஆண்டு இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அந்தப் பழைய நாட்காட்டி 11 நாள் பின்தங்கியும் இருந்தது. வாஷிங்டன் பிறந்த நாள் அந்தக் கணக்கில் 1731/2 பிப்ரவரி 11. நம் கணக்கில் 1732 பிப்ரவரி 22.

எட்டாம் படி: நூலகரிடம் கேளுங்கள்

பலர் கூச்சப்பட்டு விட்டுவிடும் படி இது. காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ‘ஆஸ்க் எ லைப்ரேரியன்’ என்று ஒரு படிவம் இருக்கிறது. உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் கேட்கலாம், கட்டணம் இல்லை. கேட்கிற முறையில்தான் பதிலின் தரம் இருக்கிறது. ‘அடிமை முறை பற்றித் தகவல் வேண்டும்’ என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாதிரி எழுதுங்கள்:

‘வட கரோலினாவில் 1830–1860 காலத்தில் அடிமையாக இருந்த பெண்கள் தாங்களே எழுதிய அல்லது சொல்லிய தன்வரலாறுகளைத் தேடுகிறேன். ஹேரியட் ஜேக்கப்ஸ் படித்துவிட்டேன். ஈ 444 வரிசையில் உலாவிப் பார்த்தேன். இன்ன இன்ன பொருள் தலைப்புகளில் தேடினேன். 1930-களின் நேர்காணல்களில் வட கரோலினாப் பகுதியும் பார்த்தாயிற்று. கையெழுத்துப் படிகளாக வேறு ஏதேனும் இருக்கிறதா? நான் சென்னையில் இருக்கிறேன், நேரில் வர இயலாது.’

என்ன வேண்டும், எதுவரை பார்த்தாயிற்று, எங்கே இருக்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இப்படி எழுதிய கடிதத்துக்கு நூலகர்கள் எவ்வளவு அக்கறையோடு பதில் எழுதுவார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சில நாட்களில் பதில் வரும்.

வாஷிங்டனுக்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால், 16 வயது நிறைந்த யாருக்கும் வாசகர் அட்டை இலவசம். படம் ஒட்டிய அடையாள ஆவணம் வேண்டும், பாஸ்போர்ட் போதும். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, வாசிப்பு அறையில்தான் படிக்க வேண்டும். கையெழுத்துப் படிகள் இருக்கும் அறைக்குப் பேனா கொண்டு போகாதீர்கள், பென்சில்தான். அழைப்பெண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

நூலகரின் பதிலில் புதிதாக ஒரு பொருள் தலைப்போ அழைப்பெண்ணோ இருக்கும். அதை நோட்டின் இரண்டு வரிசைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பிவிட்டு, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.